இரண்டு மீட்டருக்கு இரண்டு ஆண்டுகள்: விண்ட்சர்ஃபிங்கில் பெண்களின் வேகச் சாதனைகள்

கேள்வி இதுதான்: விண்ட்சர்ஃபிங்கில், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்று ஓட்டும் விளையாட்டில், வேகச் சாதனைக்காக ஆண்களும் பெண்களும் ஒரே கால்வாயில், ஒரே காற்றுப் பருவத்தில் ஓடுகிறார்கள். அப்படியிருந்தும் இருவரின் சாதனைகளுக்கும் இடையில் 6 முதல் 7.5 நாட் வரையான இடைவெளி தொடர்ந்து நிற்பது ஏன்? பெண்களுக்குத் துணிவு போதவில்லையா, கைவலிமை போதவில்லையா, அல்லது கருவிகள் அவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்படவில்லையா?

துணிவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கைவலிமைக்குப் பலரும் நினைப்பதைவிடக் குறைந்த பங்குதான் உண்டு. முதற்காரணம் உடல் எடை. இரண்டாவது காரணம், காற்று உச்சத்தில் வீசும் அந்த ஓரிரு மணி நேரத்தில் எத்தனை பேர், எத்தனை முறை ஓட முடிகிறது என்னும் எண்ணிக்கை. கருவிகளின் பங்கு இவ்விரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது. இப்படிச் சொல்வதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் அளவையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது மணிக்கு 1.852 கிலோமீட்டர். உலக பாய்மர வேகச் சாதனைக் குழு 1972-இல் தோன்றியது முதல், 500 மீட்டர் தூரத்தைக் கடக்கும் சராசரி வேகத்தையே முதன்மைச் சாதனையாகக் கொண்டுள்ளது. தூரம் முன்கூட்டியே அளந்து குறிக்கப்பட்டிருக்க வேண்டும், குழுவின் பிரதிநிதி கண்காணிக்க வேண்டும், நீரோட்டம் இருந்தால் அதுவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். இந்தப் பட்டியலையும், கையில் கட்டிய ஜிபிஎஸ் கருவி காட்டும் இரண்டு விநாடி உச்ச வேகத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இத்துறையைப் பற்றிய பாதிச் சச்சரவுகள் எழுகின்றன. 50 நாட் வேகத்தில் இரண்டு விநாடியில் கடக்கும் தூரம் சுமார் 51 மீட்டர். அது சாதனைத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு வலுத்த வீச்சில் அந்தத் தூரத்தை அள்ளிவிடலாம். மீதி 450 மீட்டரிலும் அதே வேகத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

இனி எண்களைப் பார்ப்போம். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் போர்ட்லாந்து துறைமுகத்தில் நடந்த வேக வாரங்களில் பெண்கள் சாதனைக்காக ஓடத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த ஜென்னா டி ரோஸ்னேயின் பெயர் அந்தக் காலத்துக்குரியது. 1986-இல் பாஸ்கல் மக்கா ஃபுவர்ட்டவெஞ்சுரா தீவில் 38.86 நாட் வேகத்தில் ஓடி, பெரிய படகுகளின் கையில் இருந்த ஒட்டுமொத்தச் சாதனையை முதன்முறையாகப் பாய்ப்பலகைக்குக் கொண்டுவந்தார். 1988-இல் எரிக் பீல் 40 நாட் எல்லையைத் தாண்டினார். பெண்கள் தரப்பில் அந்த எல்லை கடக்கப்பட்டது 1990-களில். பிரான்சைச் சேர்ந்த எலிசபெத் கொகெல், ஸ்பெயினின் தென்முனையில் உள்ள தாரிஃபாவில் 40.38 நாட் வேகத்தை எட்டினார். 2005-இல் சுவிட்சர்லாந்தின் கரின் யாக்கி பிரான்சில் 41.25 நாட் வேகத்தைப் பதிவு செய்தார். 2012-இல் பிரிட்டனின் ஜாரா டேவிஸ் நமீபியாவின் லூடெரிட்ஸ் கால்வாயில் 45.83 நாட் வேகத்தில் ஓடினார். அதன் பின் 2015-இல் மீண்டும் யாக்கி 46.31 நாட், 2017-இல் மீண்டும் டேவிஸ் 46.49 நாட், 2022-இல் சுவிட்சர்லாந்தின் ஹைடி உல்ரிச் 47.16 நாட். இம்மூன்றும் அதே லூடெரிட்ஸில்தான்.

இந்த வரிசையில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். யாக்கி வேகத்துக்கென்று மட்டும் வந்தவர் அல்லர். அலைப் பிரிவிலும் ஃப்ரீஸ்டைல் பிரிவிலும் உலகப் பட்டங்களை வென்றவர். அவருடைய இரண்டு வேகச் சாதனைகளுக்கும் இடையில் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. ஓட்டப்பந்தயத்தில் இவ்வளவு நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒருவர் தம் பழைய சாதனையைவிடப் பெருமளவு முன்னேறி வந்து நிற்பதை எளிதில் காண முடியாது. இங்கே அது நடந்திருக்கிறது என்றால், உடலைவிட இடமும் கருவியும் பெரிதாக மாறியிருக்கின்றன என்று பொருள்.

இரண்டாவது செய்தி, 2015-க்கும் 2017-க்கும் இடையிலான வேறுபாடு. 46.31 நாட் வேகத்தில் 500 மீட்டரைக் கடக்க 20.99 விநாடி ஆகிறது, 46.49 நாட் வேகத்தில் 20.91 விநாடி. வேறுபாடு விநாடியில் நூற்றில் எட்டுப் பங்கு. இருவரையும் அருகருகே ஓடவிட்டதாகக் கற்பனை செய்தால், டேவிஸ் முடிவுக் கோட்டைத் தொடும்போது யாக்கி ஏறத்தாழ இரண்டு மீட்டர் பின்னால் இருப்பார். அதாவது ஒரு பலகையின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவு. ஒரு பலகை நீளத்தை வெல்ல இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஆனால் 41.25 நாட் வேகத்தில் ஓடியவரை இதே பந்தயத்தில் நிறுத்தினால், அவர் 56 மீட்டர் பின்தங்கியிருப்பார். ஆக, சாதனை ஒரே சீராக ஏறவில்லை. இடம் மாறியபோது தாவியிருக்கிறது. அந்த இடத்துக்குள் வந்த பிறகு அங்குலம் அங்குலமாக நகர்ந்திருக்கிறது.

அந்த இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறையின் வரலாற்றில் பாதி, மண்வெட்டியின் வரலாறு. பலகைக்கு இரண்டு எதிரிடையான தேவைகள் உண்டு: புயலுக்கு நிகரான காற்று வேண்டும், ஆனால் நீர் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். 40 நாட் காற்று திறந்த நீரில் சில நூறு மீட்டர் ஓடினாலே சிற்றலைகளைக் கிளப்பிவிடும். அந்த அலைகளின் மேல் 40 சென்டிமீட்டரை ஒட்டிய அகலமுள்ள பலகையில் மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் போவது, சல்லி கொட்டிய சாலையில் மிதிவண்டியை மலைச்சரிவில் இறங்கவிடுவதற்கு ஒப்பானது. எனவே காற்று நிலத்தின் மேலிருந்து வரவேண்டும், அலை எழ இடம் கொடாத அளவுக்கு நீர்ப்பரப்பு குறுகியிருக்க வேண்டும், நீர்ப்பாதையின் திசை காற்றோடு சரியான கோணத்தில் அமைய வேண்டும். வேகமாக ஓடும் கோணம் காற்றுக்குக் குறுக்கே அன்று. காற்று முதுகுப் பக்கமிருந்து சாய்வாக வரும் கோணம். இயற்கை இவை மூன்றையும் ஒன்றாக அமைத்துத் தருவது அரிது. ஆகவே தோண்டினார்கள்.

முதலில் 1988-இல் தென்பிரான்சின் சாந்த் மரி த ல மேர் என்னும் கடற்கரை ஊரில், மிஸ்ட்ரல் என்னும் வடமேற்குக் காற்றுக்கு ஏற்ற கோணத்தில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. பீல் 40 நாட் எல்லையைத் தாண்டியதும், 2005-இல் ஃபினியன் மேனார்ட் 48.70 நாட் வேகத்தை எட்டியதும், யாக்கியின் 41.25 நாட் பதிவானதும் அங்கேதான். 2010 முதல் நமீபியாவின் லூடெரிட்ஸ் அருகே, பிரான்சின் வேக வீரர் செபாஸ்டியன் கட்டெலனின் முயற்சியால், ஆழமில்லாத உப்பங்கழியின் சேற்றுத்தரையில் அடுத்த கால்வாய் உருவானது. அங்கே ஆண்டின் கடைசி மாதங்களில் தென்திசைக் காற்று பாலைநிலத்தின் மேலிருந்து வலுவாக இறங்குகிறது. இரு கரையும் சேறும் மணலும்தான். நடுவே குறுகிய நீர். ஓடுபவர் ஒரு முறை கடந்து முடித்ததும் காற்றை எதிர்த்துப் பலகையில் திரும்பிவர இயலாது. பலகையையும் பாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தொடக்கத்துக்கு மீள வேண்டும். ஓட்டம் எப்போதும் ஒரே திசையில் என்பதால், பலகையின் அடியில் பொருத்தும் ஃபின் கூட இருபுறமும் ஒத்த வடிவில் இல்லாமல், விமான இறக்கையின் குறுக்குவெட்டைப்போல ஒருபுறம் மட்டும் வளைந்ததாகச் செய்யப்படுகிறது. அளவில் அது ஒரு சாண் அளவுக்கு மேல் போவதில்லை. அவ்வளவு சிறிய ஒரு தகடுதான் பாயின் முழுப் பக்கவாட்டு விசையையும் தாங்கி நிற்கிறது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இப்போது எடைக்கு வருவோம். பாயில் காற்று இரண்டு வேலை செய்கிறது: பலகையை முன்னே தள்ளுகிறது, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. பக்கவாட்டு விசை பாயின் நடுப்பகுதியில், ஏறக்குறைய ஓட்டுபவரின் தலை உயரத்தில் செயற்படுகிறது. அதை எதிர்க்கும் விசை நீருக்கடியில், ஃபினில். மேலே ஒரு பக்கமும் கீழே மறு பக்கமும் தள்ளினால் எதுவும் கவிழத்தான் செய்யும். அந்தக் கவிழ்ப்பைத் தடுப்பது ஒன்றே ஒன்று: இடுப்பில் கட்டிய ஹார்னஸ் கொக்கியால் பாயோடு பிணைத்துக்கொண்டு, காற்று வரும் பக்கமாக நீருக்கு மேலே சாய்ந்து தொங்கும் மனித உடலின் எடை. படகுக்கு அடிப்பாரம் இருக்கிறது, இரட்டைத் தோணிக்கு அகலம் இருக்கிறது. பாய்ப்பலகைக்கு ஓட்டுபவரைத் தவிர வேறு எதுவுமில்லை. ஆகவே பாயில் எவ்வளவு விசையைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதற்கான மேல்வரம்பை எடையே விதிக்கிறது. காற்று மேலும் வலுத்தால், எடை குறைந்தவர் சிறிய பாய்க்கு மாற வேண்டும் அல்லது பாயைத் திறந்து காற்றைச் சிந்தவிட வேண்டும். கையின் வலிமை இங்கே எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விசையின் பெரும்பகுதி ஹார்னஸ் வழியே உடலுக்கும், உடல் வழியே கால்களுக்கும் போகிறது. கை திசையையும் கோணத்தையும் திருத்துகிறது, அவ்வளவே.

எடை குறைந்தவருக்கு எதிர்ப்பும் குறைவாகத்தானே இருக்கும், பிறகு ஏன் இழப்பு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது. தோராயமான ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 கிலோ எடையுள்ள ஒருவரையும் 60 கிலோ எடையுள்ள ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். உடல், பாய், பலகை அனைத்தும் ஒரே விகிதத்தில் சிறுத்ததாகவும் வைத்துக்கொள்வோம். உந்துவிசை எடையின் விகிதத்தில், அதாவது 60 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் காற்றும் நீரும் மோதும் பரப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. பரப்பு என்பது கன அளவைவிட மெதுவாகச் சிறுக்கும் தன்மையுடையது என்பதால் அது சுமார் 71 சதவீதத்தில் நிற்கிறது. உந்துதல் 60, தடை 71. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், இந்த இரண்டின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால், சிறியவரின் வேகம் பெரியவருடையதில் சுமார் 92 சதவீதம் என்று வருகிறது.

இதை உண்மைப் பதிவுகளோடு ஒப்பிடுவோம். 2005-இல் ஒரே கால்வாயில் மேனார்ட் 48.70, யாக்கி 41.25, விகிதம் 85 சதவீதம். 2012-இல் லூடெரிட்ஸில் பிரான்சின் அந்துவான் அல்போ 52.05, டேவிஸ் 45.83, 88 சதவீதம். 2015-இல் அதே இடத்தில் அல்போ 53.27, யாக்கி 46.31, 87 சதவீதம். என் கணக்கு எளிமைப்படுத்தப்பட்டது. ஒருவரின் உண்மையான எடையைக் கொண்டு போடப்பட்டதுமன்று. ஆனால் வேக ஓட்டத்தில் முன்னணியில் இருக்கும் ஆண்கள் பெரும்பாலும் பருத்த, உயர்ந்த உடல்வாகு கொண்டவர்கள் என்பதையும், அல்போ அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்பதையும் நினைவிற்கொண்டால், இடைவெளியின் பெரும்பகுதியை எடை ஒன்றே விளக்கிவிடுகிறது என்று துணிந்து சொல்வேன்.

அப்படியானால் ஈயக்கட்டி வைத்த மேற்சட்டை அணிந்துகொண்டால் தீராதா? ஓரளவு தீரும், ஆண்கள், பெண்கள் இருவருமே அத்தகைய எடைச் சட்டைகளைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் உடலோடு பிறந்த பத்து கிலோவும் முதுகில் கட்டிய பத்து கிலோவும் ஒன்றல்ல. கூடுதல் எடை முழுவேகத்தை எட்ட எடுக்கும் தூரத்தை நீட்டுகிறது, கால்வாயின் முன்னோட்டப் பகுதியோ அளவானது. விழுந்தால் ஆழமில்லாத நீரும் கரையும் காத்திருக்கின்றன. அந்த வேகத்தில் விழுபவர் கல்லெறிந்ததுபோல் நீரின்மேல் துள்ளிக்கொண்டு போகிறார். அப்போது முதுகில் இருக்கும் ஈயம் துணையாக நிற்பதில்லை.

துணிவைப் பற்றிய ஐயத்துக்கு, கைட் சர்ஃபிங் நேரடியான விடை தருகிறது. பட்டத்தைப் போன்ற காற்றிழுவையைக் கயிறுகளில் கட்டி ஓட்டும் அந்த விளையாட்டில், பிரான்சின் ஷார்லட் கொன்சோர்ட்டி 2010-இல் அதே லூடெரிட்ஸில் 500 மீட்டரை 50.43 நாட் சராசரியில் கடந்துவிட்டார். அதாவது பாய்ப்பலகையில் ஆண்கள் தரப்பில் அல்போ 52.05 நாட் வேகத்தை எட்டுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பெண் அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம் 50 நாட் வேகத்தைத் தாங்கி நின்றிருக்கிறார். அதே ஆண்டு ஆண்களின் கைட் சாதனை ராப் டக்ளஸின் 55.65 நாட், விகிதம் 91 சதவீதத்தை நெருங்குகிறது. பாய்ப்பலகையைவிட இடைவெளி குறைந்திருப்பதற்கும் இயக்கவியலே காரணம் என்பது என் கணிப்பு. கைட்டின் இழுவிசை தலை உயரத்தில் அல்லாமல் இடுப்பிலேயே வந்து சேர்வதால் கவிழ்க்கும் நெம்புகோல் குட்டையாகிறது. எடை குறைந்தவருக்கு விதிக்கப்படும் தண்டமும் அதற்கேற்பக் குறைகிறது. எடையின் பங்கு அங்கேயும் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கருவிகள் குறித்துச் சுருக்கமாகச் சொல்லலாம். வேகத்துக்கான குறுகிய பலகைகளும் ஃபின்களும் மிகச் சிறிய சந்தைக்காகச் செய்யப்படுபவை. பல, கையால் உருவாக்கப்படுபவை. பந்தயப் பாய்கள் பெரும்பாலும் 5 சதுர மீட்டர் அளவை ஒட்டித்தான் தொடங்குகின்றன. கனமான ஆண்களுக்கு வலுத்த காற்றில் அந்த அளவே ஏற்றது. இலகுவான ஒருவருக்கு அதே காற்றில் அதைவிடச் சிறிய பாய் வேண்டும், அதுவும் அதே நுணுக்கத்தோடு வேண்டும். அது கிடைக்காதபோது அவர் பெரிய பாயைக் கட்டிக்கொண்டு அதன் ஆற்றலில் ஒரு பகுதியை வீணாக்குகிறார். இது உண்மையான குறைதான், ஆனால் சாதனைக்கென முழு முயற்சியோடு வருபவர்கள் இதற்கு வழி கண்டுவிடுகிறார்கள்.

அதைவிடக் கனமான காரணம் ஓட்டங்களின் எண்ணிக்கை. லூடெரிட்ஸ் போன்ற இடத்தில் ஆண்டுக்குச் சில வாரங்கள்தாம் முயற்சி நடக்கிறது. அந்த வாரங்களில் உண்மையிலேயே சாதனைக்குரிய காற்று சில நாள்களில், அந்த நாள்களிலும் சில மணி நேரங்களில் மட்டுமே வீசுகிறது. அந்த நேரத்திலும் காற்று ஒரே சீராக இல்லை. ஒரு வீச்சு எழும்போது கால்வாயின் தலைப்பில் பாயோடு தயாராக நிற்பவருக்கே அது வாய்க்கிறது. அதே வீச்சின்போது வண்டியில் திரும்பிக்கொண்டிருப்பவருக்கு வாய்ப்பில்லை. இருபது பேர் ஓடும் தரப்பில் எவருக்கேனும் அந்த இருபது விநாடி வாய்த்துவிடும். இரண்டு மூன்று பேரே ஓடும் தரப்பில் அது பல ஆண்டுகள் நழுவிப்போகலாம். 2012 முதல் 2022 வரை பெண்கள் சாதனை மூன்றே பேர் கைகளில் மாறி மாறி இருந்தது அவர்களின் திறனுக்குச் சான்று என்பதோடு, களத்தில் எவ்வளவு குறைவானவர்கள் இருந்தார்கள் என்பதற்கும் சான்று. பயணச் செலவும், கால்வாயை ஆண்டுதோறும் சீர்செய்யும் செலவும், கருவிகளின் சரக்குக் கட்டணமும் ஓட்டுபவர்களின் தலையிலேயே விழும் ஒரு விளையாட்டில், விளம்பரதாரர் ஆதரவு யாருக்கு முதலில் போகிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

இறுதியாக, 50 நாட் என்னும் எண்ணைப் பற்றி. உல்ரிச்சின் 47.16 நாட் என்பது 500 மீட்டருக்கு 20.61 விநாடி. 50 நாட் சராசரிக்கு 19.44 விநாடி. ஒரு விநாடிக்குச் சற்று மேல், தூரத்தில் 28 மீட்டர். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இந்த ஆறு சதவீத வேகத்தைப் பெற, தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் உந்துவிசை 12 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும். செலவாகும் திறன் 19 சதவீதம் கூட வேண்டும். இதை எடையால் மட்டுமே ஈட்ட முனைந்தால், மேலே போட்ட அதே கணக்கின்படி 60 கிலோ உள்ளவர் 85 கிலோவாக வேண்டியிருக்கும். அந்த வழியை எவரும் நாடப்போவதில்லை. ஆண்கள் 50 நாட் எல்லைக்கு மேலே சந்திக்கும் பெரிய தடை, ஃபினின் ஒரு பக்கத்தில் அழுத்தம் வீழ்ந்து நீரே ஆவிக்குமிழாக மாறிப் பிடிமானம் நழுவுவது; பெண்களின் பதிவுகள் அந்தச் சுவருக்கு இன்னும் சற்றுக் கீழே இருப்பதால் ஃபின் வடிவமைப்பில் அவர்களுக்கு இடம் மிச்சமிருக்கிறது. மற்றபடி இந்த 28 மீட்டர் வர வேண்டிய வழி காற்றுதான்: கால்வாயின் கோணத்துக்கு ஓரிரு பாகை பொருந்தி, சிற்றலை எழாத நீர்மட்டத்தில், 20 விநாடி முழுதும் தளராமல் வீசும் ஒரு வீச்சு, அந்த நேரத்தில் சரியான சிறிய பாயைக் கட்டிக்கொண்டு வரிசையின் முதலில் நிற்கும் ஒரு பெண்.